இரண்டு ஆயாக்கள்: முதுமைக்கும் சாதி உண்டு

(முதியோர் நாளை ஒட்டி நடந்த மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதுமை பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தபோது கொஞ்சம் தயங்கினேன். எனக்கு 34 வயது. உங்களில் பலருக்கு இருபதுகூட நிறையவில்லை. இட ஒதுக்கீடு, வேலை, காதல், ஆணவக் கொலை என்று பேச எவ்வளவோ இருக்கும்போது கிழவன் கிழவி கதை எதற்கு என்று யாராவது நினைத்தால் அதில் தவறில்லை. ஆனால் இந்தக் கதை சுற்றிச் சுற்றி உங்களிடம்தான் வந்து நிற்கப் போகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, தென் மாநிலங்களில் முதியோர் பெருகுகிறார்கள், அதிகப் பிள்ளைகள் பெறுங்கள் என்றார். அடுத்த சில நாட்களில் முதல்வர் மு.க. ஸ்டாலின் ஒரு திருமண விழாவில், நாடாளுமன்றத் தொகுதிகள் குறையும் என்றால் 16 பிள்ளைகள் பெற்றுக்கொண்டால் என்ன என்று கேட்கத் தோன்றும் நிலை வந்துவிட்டது என்கிற பொருளில் பேசினார். தொகுதிகளைக் குறைப்பது அநீதி. எதிர்த்தே ஆக வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஒன்றிய அரசின் அநீதிக்கும், முதியோர் பெருக்கத்துக்கும் மருந்து ஒரு பெண்ணின் கருப்பையில் இருக்கிறது என்று யார் சொன்னாலும், விளையாட்டாகச் சொன்னாலும், நாம் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. ஒன்றிய அரசு அமைத்த மக்கள்தொகைத் தொழில்நுட்பக் குழுவின் மதிப்பீட்டில் 2021இல் அது 13.6. 2031இல் 18.2 ஆகும் என்கிறார்கள். அதாவது ஆறு பேருக்கு ஒருவரைவிட அதிகம். நமக்கு முன்னால் கேரளம் மட்டும்தான். பீகாரில் 2021இல் இது 7.7 விழுக்காடுதான். இன்னொரு பக்கம், ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை தமிழ்நாட்டில் 2020இல் 1.4 ஆகிவிட்டது. மக்கள்தொகை அப்படியே நிலைத்திருக்க 2.1 வேண்டும். பிரான்சு நாட்டில் முதியோர் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 14 ஆக நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. நாம் அதைவிடப் பல மடங்கு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறோம்.

இதைக் கேட்டு ஒப்பாரி வைக்க வேண்டுமா? வேண்டாம். இது நம் தோல்வி இல்லை, வெற்றி. ஊர் ஊராக ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது, வீடு தேடி நர்சம்மா வந்தார், பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், கல்யாண வயது தள்ளிப்போனது. பிறந்த குழந்தை பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை வந்ததும், ஐந்து பெற்றால் இரண்டாவது தங்கும் என்ற கணக்கு செத்துப்போனது. பெரியார் கர்ப்பத்தடையைப் பேசியபோது நாட்டின் வறுமையையோ மக்கள் பெருக்கத்தையோ முதல் காரணமாக வைக்கவில்லை. பெண்ணின் விடுதலையை வைத்தார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் உள்ள கட்டுரையைப் படித்தால் தெரியும்: மற்றவர்கள் சொல்லும் காரணம் வேறு, நாம் சொல்லும் காரணம் வேறு என்று அவரே பிரித்துக் காட்டுகிறார். அன்று நாட்டுக்காகப் பெறாதே என்று சொல்வதை ஏற்காதவர்கள், இன்று நாட்டுக்காகப் பெறு என்று சொல்வதையும் ஏற்க முடியாது.

ஆக, நாம் கேட்க வேண்டியது வேறு கேள்விகள். யார் கிழவியாகும்வரை உயிரோடு இருக்கிறார்கள்? அப்படி இருப்பவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அந்தப் பார்த்துக்கொள்கிறவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

அறுபது என்பது எல்லோருக்கும் ஒன்றா?

முதல் கேள்விக்கு ஒரு பதில் 2022இல் வந்தது. ஒன்பது மாநிலங்களின் தரவுகளை வைத்து சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உயர்சாதி இந்துக்களைவிடப் பழங்குடிகளின் ஆயுள் நான்கு ஆண்டுக்கு மேல் குறைவு. தலித்துகளின் ஆயுள் மூன்று ஆண்டுக்கு மேல் குறைவு. பணம், வீட்டு வசதி, சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் இடைவெளி முழுதாக மறையவில்லை. அந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை. அதற்காக நாம் நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிட முடியாது. மலக்குழியில் இறங்கிச் செத்தவர்களின் செய்திகளை நம் மாவட்டங்களிலிருந்தும்தான் படிக்கிறோம். அவர்களில் எத்தனை பேர் முதுமையைப் பார்த்தார்கள்?

‘அறுபது வயது’ என்று அரசு ஒரு கோடு போடுகிறது. ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவருக்கு அறுபது என்பது ஓய்வு. அதற்குப் பிறகும் ஆலோசகர், அறங்காவலர், குடியிருப்போர் சங்கத் தலைவர் என்று இருபது வருடம் இருக்கிறது. பத்து வயதிலிருந்து நாற்று நட்டுக் குனிந்த முதுகுக்கு ஐம்பதிலேயே முதுமை வந்துவிடுகிறது. ஆனால் ஓய்வு எழுபதிலும் வருவதில்லை.

என் ஆயாவைப் பற்றிச் சொல்கிறேன். விழுப்புரம் பக்கம் எங்கள் காலனியில் ஆயா என்றால் பாட்டி. அம்மாவைப் பெற்றவர். அவருக்குப் பிறந்த தேதி தெரியாது. ‘பெரிய புயல் அடிச்சப்போ நான் நண்டு புடிக்கிற வயசு’ என்பார். எந்தப் புயல் என்று கேட்டால் சிரிப்பார். ஆதார் அட்டை எடுக்க வந்தவர்கள் ஒரு தேதி போட்டுக் கொடுத்தார்கள்: 1960 சனவரி 1. எங்கள் தெருவில் பாதிப் பேர் சனவரி 1ஆம் தேதி பிறந்தவர்கள்தான். 2014இல் முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுத்தால், உங்களுக்கு 54தான் ஆகிறது என்று திருப்பிவிட்டார்கள். என் அம்மா 1967இல் பிறந்தவர். அந்த அட்டைக் கணக்குப்படி ஆயா ஏழு வயதில் என் அம்மாவைப் பெற்றிருக்க வேண்டும். இதை நான் அலுவலகத்தில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ‘மகன் ஒருத்தர் இருக்காரில்ல?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்டார்.

மகன் இருந்தார். என் மாமா. திருப்பூரில் பனியன் கம்பெனியில், ஒரே அறையில் நான்கு பேரோடு.

ஆயா கடைசிவரை களை வெட்டப் போனார். ஆதார் எடுக்கும் எந்திரத்தில் அவர் விரல் ரேகை விழவில்லை. தேய்ந்துபோயிருந்தது. எடுக்க வந்தவர்கள் ‘எண்ணெய் தேச்சுட்டு வா’, ‘சோப்பு போட்டுக் கழுவிட்டு வா’ என்றார்கள். அறுபது வருட உழைப்பு அந்தக் கையில் எழுதியிருந்தது. எந்திரத்துக்கு மட்டும் அதைப் படிக்கத் தெரியவில்லை.

இன்னொரு ஆயா

சென்னையில் ஆயா என்றால் வேறு பொருள். வீட்டுக்கு வந்து முதியவரையோ குழந்தையையோ பார்த்துக்கொள்ளும் கூலிப் பெண். அப்பா இறந்த பிறகு, 2009இல் என் அம்மா அந்த ஆயா ஆனார். ஏஜென்சி மூலமாகப் போனார். பன்னிரண்டு மணி நேர வேலை, சில சமயம் இருபத்து நான்கு. வீட்டுக்காரர்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு ஏஜென்சிக்கு. வார விடுமுறை கிடையாது, வருங்கால வைப்பு நிதி கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது.

அம்மா நீண்ட நாள் வேலை பார்த்த வீட்டில் ஓர் அம்மாளுக்குப் பக்கவாதம். மகள் அமெரிக்காவில். அம்மா அவரைக் குளிப்பாட்டுவார், மலம் சிறுநீர் எடுப்பார், படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பார், ஊட்டிவிடுவார். ஆனால் சமையலறைக்குள் போகக் கூடாது. தண்ணீர் குடிக்கத் தனி டம்ளர், பால்கனியில். அந்த வீட்டு அம்மாளின் உடம்பு முழுவதையும் தொடலாம், அடுப்பைத் தொடக் கூடாது.

அவர்கள் கொடுமைக்காரர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தப் பெரியம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவார். மகள் தினமும் வீடியோவில் வந்து அழுவார். நல்லவர்கள் வீட்டிலேயே இந்த டம்ளர் இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

2017இல் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தது. ஆயா போய்விட்டார். மூன்று நாளாகக் காய்ச்சல், பக்கத்து வீட்டு அக்கா கஞ்சி கொடுத்திருக்கிறார். அம்மாவால் உடனே கிளம்ப முடியவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவரைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? மாற்று ஆள் வந்தது மறுநாள் காலை எட்டு மணிக்கு. அந்த இரவு முழுக்க என் அம்மா இன்னொருவரின் தாயைத் திருப்பித் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டு, தன் தாயை நினைத்து அழுதுகொண்டு இருந்தார்.

இதை உங்கள் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. ஒரு வகுப்பின் முதுமை எதன் மேல் நிற்கிறது என்று காட்டச் சொல்கிறேன். முதியோர் பராமரிப்பு என்பது பேச்சில் ‘சேவை’, ‘அன்பு’. நடைமுறையில் அது மலம், சிறுநீர், சீழ், எச்சில். இந்தச் சமூகம் இவற்றையெல்லாம் தீட்டு என்று வகுத்து, அதைத் தொடும் வேலையைச் சில சாதிகளுக்கு, அதிலும் பெண்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது. முதியோர் தொகை இரண்டு மடங்கானால் அந்த வேலையும் இரண்டு மடங்காகும். இப்போதே நாம் தலையிடவில்லை என்றால், நாளைக்குத் துப்புரவுத் தொழில் போலப் பராமரிப்புத் தொழிலும் ஒரு சாதித் தொழிலாக உறைந்துவிடும். கோவைப் பக்கம் வசதியான முதியோருக்கான குடியிருப்புகள் எத்தனையோ வந்துவிட்டன. பல விளம்பரங்களில் ‘தூய சைவ உணவு’ என்ற வரி இருக்கும். அக்கிரகாரம் என்று எழுதினால் சட்டப் பிரச்சினை வரும், சைவம் என்று எழுதினால் வராது.

கூட்டுக்குடும்பப் பொற்காலம்

முதியோர் பிரச்சினை என்றதும் மேடைகளில் ஒரு பல்லவி கிளம்பும். ‘அந்தக் காலத்தில் கூட்டுக்குடும்பம் இருந்தது, பெரியவர்களை மதித்தார்கள், மேற்கத்திய மோகம் கெடுத்துவிட்டது.’ தோழர்களே, அந்தக் கூட்டுக்குடும்பத்தில் மாமியாரின் மலத்தை எடுத்தது மகன் இல்லை, மருமகள். சம்பளம் இல்லாமல், சொத்தில் பங்கு இல்லாமல். விதவைக் கிழவி எந்த மூலையில் உட்கார்ந்தார், எந்தக் கல்யாணத்துக்கு முன்னால் வர முடியாமல் இருந்தார் என்று நம் பாட்டிகளைக் கேளுங்கள். தென்மாவட்டங்களில் ‘தலைக்கூத்தல்’ என்று ஒன்று இருப்பது வெளியே பேசப்பட்டது. ‘பாரம்’ போன்ற படங்கள் அதைக் காட்டின. படுக்கையில் விழுந்த முதியவரைக் குடும்பமே முடித்துவைக்கும் வழக்கம் அது. மேற்கத்திய மோகம் கொண்டுவந்ததில்லை. மருந்துக்குப் பணமில்லாமல், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், அதற்கு ஊரின் ஒப்புதலும் சேர்ந்து வந்தது.

அரசுக்கும் இந்தக் கூட்டுக்குடும்பக் கற்பனை வசதியாக இருக்கிறது. 2007இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளைகள் பராமரிக்காவிட்டால் தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லலாம், கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. பிள்ளைகளின் கடமையை இப்படி உறுதியாக எழுதிய அதே சட்டம், மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லம் என்ற இடத்தில் மாநில அரசு ‘அமைக்கலாம்’ என்று எழுதுகிறது. பிள்ளைக்குக் கட்டாயம், அரசுக்கு விருப்பம். சொத்து உள்ளவர் பிள்ளையின் மேல் வழக்குப் போடலாம். என் ஆயா யார் மேல் போடுவது? ஒரே அறையில் நான்கு பேரோடு இருக்கும் மாமா மேலா?

இப்போது உங்களிடம் வருகிறேன். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அம்பேத்கர், சாதியின் உயிர்நாடி அகமணம் என்று காட்டினார். அந்த அகமணத்தைக் காப்பாற்றுவது அரிவாள் மட்டும் இல்லை. அரிவாள் கடைசியில் வருவது. அதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு ஒரு வாக்கியம் வருகிறது: ‘வயசான காலத்துல எங்கள யாரு பாக்கறது?’ சாதி மாறிக் காதலித்த எத்தனை பேர் இந்த ஒரு வாக்கியத்தில் விழுந்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அம்மாவின் சர்க்கரை நோய், அப்பாவின் நெஞ்சுவலி. அந்த வலி பொய் இல்லை, பயமும் பொய் இல்லை. பிள்ளையைத் தவிர வேறு பாதுகாப்பே இல்லாத பெற்றோர், பிள்ளையின் திருமணத்தைக் கையில் இறுக்கிப் பிடிக்கத்தான் செய்வார்கள். சொந்தக்காரர்கள் கைவிட்டால் நாளைக்குச் சாவுக்கு வர ஆளில்லை என்ற பயத்தில் சாதிச் சங்கத்தின் பின்னால் போகத்தான் செய்வார்கள்.

அதனால் நான் சொல்கிறேன்: முதியோர் ஓய்வூதியம் ஒரு சாதி ஒழிப்புக் கோரிக்கை. பெற்றோரின் சோற்றையும் மருந்தையும் அரசு உறுதி செய்தால் சாதி மறுநாளே ஒழிந்துவிடாது. வசதியான வீடுகளிலும் ஆணவக் கொலை நடக்கிறது. ஆனால் சாதியின் கையில் இருக்கும் ஒரு கயிறு அறுந்துவிடும். பெற்றோரும் கொஞ்சம் சுதந்திரமாக மூச்சு விடுவார்கள், பிள்ளைகளும் விடுவார்கள்.

ஏழு ரூபாய் அரசு

இந்திய அரசமைப்பின் 41ஆம் உறுப்பு, முதுமையில் அரசின் உதவி பெறும் உரிமையைச் சொல்கிறது. 1947இல் எழுதிய ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில் அம்பேத்கர், காப்பீடு முழுவதும் அரசுடையதாக வேண்டும், வயது வந்த ஒவ்வொருவருக்கும் காப்பீடு கட்டாயமாக வேண்டும் என்று கேட்டார். ஒன்றிய அரசு என்ன கொடுக்கிறது? வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும், 80 வயது நிறையாத முதியவருக்கு மாதம் 200 ரூபாய். 2007இல் 200, இன்றும் 200. ஒரு நாளைக்கு ஏழு ரூபாய்கூட வரவில்லை. டீக்கடையில் ஒரு டீக்குக் காணாது. தமிழ்நாட்டில் 1962 முதலே முதியோர் உதவித்தொகை இருக்கிறது. 2023இல் அது 1,200 ரூபாய் ஆனது. ஒன்றிய அரசோடு ஒப்பிட்டால் மேல். வாழ்க்கையோடு ஒப்பிட்டால் நாளைக்கு 40 ரூபாய்.

நம் மக்களில் ஒரு பகுதிக்கு முதுமையில் மரியாதை கொடுத்தது எது? இட ஒதுக்கீட்டில் கிடைத்த அரசு வேலை. ஓய்வூதியம் வாங்கும் கிழவனுக்கு வீட்டில் தனி நாற்காலி இருந்தது. மாநகராட்சியில் நிரந்தரத் துப்புரவுப் பணியாளராக இருந்த பெண் ஓய்வு பெற்றால், பேத்தியின் கல்லூரிக் கட்டணத்தை அவர் கட்டினார். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் இல்லை என்று ஆனது. நம் பிள்ளைகள் படித்து அந்த வாசலுக்கு வந்து சேரும் நேரத்தில் கதவு மூடியது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்றார்கள். பலர் அதை வேலைப் போராட்டம் என்று மட்டும் பார்த்தார்கள். ஐம்பது வயதைத் தொட்ட பெண்கள் அங்கே எதற்காக உட்கார்ந்தார்கள்? தங்கள் முதுமைக்காக. ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தால் ஓய்வு வயது கிடையாது, ஓய்வூதியம் கிடையாது, உடம்பு நின்றால் வேலை நிற்கும். நள்ளிரவில் அவர்களைக் குண்டுக்கட்டாகத் தூக்கினார்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இன்று நம் ஓட்டல்களிலும் கட்டடங்களிலும் ஆலைகளிலும் பீகார், ஒடிசா இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். நம் முதுமையின் பாரத்தில் ஒரு பங்கு அவர்கள் தோளில் இருக்கிறது. அவர்களுடைய ஆயாக்கள் அங்கே ஊரில் தனியாக இருக்கிறார்கள். அவர்களை ‘வடக்கன்’ என்று ஏசுகிற வாயால் சமூகநீதி பேச முடியாது.

என்ன கேட்பது?

வருமான வரி கட்டுவோர் தவிர 60 கடந்த எல்லோருக்கும் ஓய்வூதியம், விலைவாசியோடு சேர்ந்து ஏறும் ஓய்வூதியம். ‘மகன் இருக்கிறானா’ என்ற கேள்வியே கூடாது. வயதுச் சான்று இல்லாதவர்களின் வயதைக் கிராம சபையில் முடிவு செய்யலாம். விவசாயக் கூலிப் பெண்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் 55 வயதிலேயே தொடங்க வேண்டும். பராமரிப்பு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி, வார விடுமுறை, வைப்பு நிதி வேண்டும். வீட்டுத் தொழிலாளர்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கை 2011இல் வந்தது. இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. ஊருக்கு ஊர் முதியோருக்கான பகல்நேர மையம் வேண்டும். அது ஊர்த் தெருவிலும் இல்லாமல் காலனியிலும் ஒதுங்காமல் பொது இடத்தில் இருக்க வேண்டும். அங்கே தலித் பெண் சமைக்க வேண்டும். ஊர்த் தாத்தாவும் காலனித் தாத்தாவும் ஒரே பந்தியில் சாப்பிட மாட்டோம் என்றால், அந்தச் சண்டையையும் அங்கேயே நடத்துவோம். வாழ்நாள் முழுக்கத் தள்ளிப்போட்ட சண்டைதானே.

அரசு செய்யும்வரை நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. உங்கள் தெருவில் உதவித்தொகை மறுக்கப்பட்ட பத்துப் பேரின் மனுவை எடுத்து மேல்முறையீடு எழுதுங்கள். அட்டையில் தவறான வயதைத் திருத்திக் கொடுங்கள். ஆண் தோழர்களுக்குத் தனியாக ஒன்று: உங்கள் தாத்தாவை, அப்பாவை நீங்களே குளிப்பாட்டுங்கள். அதை அம்மாவிடமும் தங்கையிடமும் வரப்போகும் மனைவியிடமும் தள்ளாதீர்கள். தீட்டு என்பதைப் புத்தகத்தில் ஒழிப்பது சுலபம். கையால் ஒழித்துப் பாருங்கள்.

என் அம்மாவுக்கு இப்போது 58. முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆளைத் தூக்க முடியவில்லை என்று ஏஜென்சியில் கூப்பிடுவதைக் குறைத்துவிட்டார்கள். போன வாரம் கேட்டார், ‘எனக்கு ஒரு நாள் ஆயா வைக்க வேண்டி வந்தா என்னடா பண்ணுவ?’ நான், ‘நானே பாத்துக்கறேன்மா’ என்றேன். ‘நீ வேலைக்குப் போவ. ஒருத்தி வருவா. அவளுக்கு நம்ம டம்ளர்லயே தண்ணி குடு’ என்றார்.

இவ்வளவு நேரம் நான் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அந்த டம்ளரோடு ஓய்வூதியமும், வார விடுமுறையும், கூலியும் சேர்த்துக் கொடுக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.